மீன் கழிவைக் காறாமல் தீவனமாக்குவோம்! புரதத்தை உடைப்பதில் இருக்கிறது பக்குவம்

கடந்த சில மாதங்களாக மீன் கழிவு பற்றி நம் வாசகர்கள் எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடுகின்றன. முதல் வகை கோழி வளர்ப்போருடையது: ‘மீன் கழிவை வேக வைத்துக் காயப்போட்டுக் கொடுக்கிறேன். முதல் வாரம் கோழிகள் ஆசையாகத் தின்றன. மூன்றாவது வாரம் மூக்கைத் திருப்பிக்கொள்கின்றன. முட்டையிலும் வாடை அடிக்கிறது.’ இரண்டாவது வகை இயற்கை விவசாயிகளுடையது: ‘மீன் அமிலம் தயாரித்தேன். புழு வைத்துவிட்டது. எங்கே கோளாறு?’ மூன்றாவது வகை புதியது: ‘ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்த மீன் புரதப் பவுடர் என்று கடையில் விற்கிறார்களே, வாங்கலாமா?’

மூன்றும் வேறு வேறு கேள்விகள் போலத் தெரியும். ஆனால், மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். மீனில் உள்ள புரதத்தை எந்த முறையில், எவ்வளவு தூரம் உடைக்கிறோம் என்பதே அது. அதைப் புரிந்துகொண்டால், மீன் சந்தையில் சும்மா கிடைக்கும் தலை, குடல், செதில், துடுப்பு எல்லாமே நல்ல தீவனமாகிவிடும். புரியாவிட்டால், கோழிக்குஞ்சுகளைப் பறிகொடுக்கவும் நேரும்.

காறல் என்பது என்ன?

பழைய முறுக்கில் வரும் சிக்கு வாடையை நம் வீட்டுப் பெண்கள் மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள். அதுதான் காறல். எண்ணெயில் உள்ள கொழுப்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போவதால் வருவது. தேங்காய் எண்ணெய் மாதக்கணக்கில் காறாமல் இருக்கும். மத்தி மீன் எண்ணெய் அப்படி இருக்காது. காரணம், மீன் கொழுப்பு மிகவும் இளகிய வகை. அதன் மூலக்கூறுகளில் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள் பல இருக்கின்றன. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களில் இது இன்னும் வேகம்.

காறல் தனியாக ஓர் இடத்தில் நிற்பதில்லை. ஒரு கொழுப்பு மூலக்கூறு கெட்டதும், அது பக்கத்து மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. பறிகொடுத்தது அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு வைக்கோல் போரில் பிடித்த தீ அடுத்த போருக்குத் தாவுவது போல இது தொடரும். வெயில், சூடு, காற்று மூன்றும் இந்தத் தீக்கு விசிறி. இரும்பும் செம்பும் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி. மீன் ரத்தத்திலேயே இரும்புச்சத்து இருப்பதால், செவுளும் குடலும் கலந்த கழிவு சதையைவிட விரைவாகக் காறும். துருப்பிடித்த இரும்பு டிரம்மில் ஊற வைத்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தத் தீயை இடையில் நின்று அணைக்கிற பொருளைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறோம். அது தன்னிடமிருந்து ஹைட்ரஜனைக் கொடுத்துத் தொடரை நிறுத்தும். அல்லது இரும்பு, செம்பு போன்ற உலோகங்களைக் கட்டிப்போடும். வைட்டமின் ஈ இந்த வேலையைச் செய்வது பலருக்குத் தெரியும். மீன் புரதமும் இதே வேலையைச் செய்யும் என்பது பலருக்குத் தெரியாது.

புரதத்துக்குள் ஒளிந்திருக்கும் சக்தி

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த நீளமான மாலை. அந்த மாலை விரித்த நிலையில் கிடப்பதில்லை. நூல் கண்டு போலச் சுருண்டு கிடக்கிறது. ஹிஸ்டிடின், டைரோசின், மெத்தியோனின், சிஸ்டீன் போன்ற மணிகளுக்குக் காறலை அணைக்கும் திறன் உண்டு. ஆனால், அவற்றில் பல கண்டின் உட்புறத்தில் அகப்பட்டுக் கிடக்கின்றன. மாலையைத் துண்டு துண்டாக வெட்டினால் அவை வெளியே வந்து வேலை செய்யும். இந்தத் துண்டுகளுக்குப் பெப்டைடு என்று பெயர். பொதுவாக 2 முதல் 20 அமினோ அமிலங்கள் வரை உள்ள சிறு துண்டுகளுக்கே இந்தத் திறன் நன்றாக இருப்பதாக ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

அப்படியானால் முழுவதும் பொடித்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் பக்குவம் வேண்டும். அவல் இடிப்பதை நினைத்துப் பாருங்கள். இடி குறைந்தால் அரிசியாகவே நிற்கும். அதிகமானால் மாவாகிவிடும். இடையில் ஒரு பதத்தில் நிறுத்தினால்தான் அவல். புரதத்தை அரைகுறையாக உடைத்தால் திறன் உள்ளேயே ஒளிந்திருக்கும். தனித்தனி மணியாகும்வரை உடைத்தால், துண்டாக இருந்தபோது காட்டிய திறன் பெரும்பாலும் குறைந்துவிடும்.

இதை ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள்? டி.பி.பி.எச். என்ற கருநீலம் கலந்த ஊதா நிறக் கரைசல் ஒன்று இருக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் உள்ள பொருளை அதில் சேர்த்தால் ஊதா நிறம் வெளுத்து மஞ்சளாகிவிடும். எவ்வளவு வெளுக்கிறதோ, அவ்வளவு திறன். பல வகைப் பதப்படுத்தும் முறைகளையும் இதை வைத்து ஒப்பிடுகிறார்கள்.

வெட்டுகிற கத்திகள் நான்கு

1. மீனின் சொந்த நொதி: மீன் குடலிலும் இரைப்பையிலும் புரதத்தைச் செரிக்கும் நொதிகள் இருக்கின்றன. மீன் செத்த பிறகும் அவை வேலை செய்யும். அமிலச் சூழலை நாம் உருவாக்கிக் கொடுத்தால், கெடுக்கும் பாக்டீரியா அடங்கிவிடும். இரைப்பை நொதியோ சுறுசுறுப்பாகும்.

2. வெளியிலிருந்து சேர்க்கும் நொதி: பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன் இதற்கு நல்ல உதாரணம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5 பப்பாளி ரகங்கள் பப்பைனுக்கும் ஏற்றவை என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். தொழிற்சாலைகளில் பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் ஆல்கலேஸ் என்ற நொதியை அதிகம் பயன்படுத்துகிறார்கள். 50 முதல் 60 டிகிரி சூட்டில் குறிப்பிட்ட நேரம் வேலை செய்யவிட்டு, பிறகு 90 டிகிரி அளவுக்குச் சூடாக்கி நொதியை நிறுத்திவிடுவார்கள். எந்த நிமிடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் சரக்கின் தரம் இருக்கிறது.

3. நொதித்தல்: தயிரில் உள்ள லாக்டிக் அமில பாக்டீரியாவையும் வெல்லப்பாகையும் சேர்த்து மூடி வைப்பது. மீனில் சர்க்கரைச் சத்து மிகக் குறைவு. அதனால் வெல்லமோ, கரும்பாலைக் கழிவுப்பாகோ சேர்க்காவிட்டால் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி கிடைக்காது. அழுக வைக்கும் பாக்டீரியா முந்திக்கொள்ளும்.

4. சூடு: அளவான சூடு கிருமியைக் கொல்லும், நொதியை நிறுத்தும். அளவு மீறினால் புரதமே பாழ்.

ஒரே மணிக்கு மூன்று விதி

மேலே சொன்ன ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைக் கொஞ்சம் தனியாகப் பார்க்க வேண்டும். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி ஆகிய மீன்களில் இது அதிகம். சரியான பதத்தில் வெட்டினால், இது காறலைத் தடுக்கும் துண்டுகளில் இடம்பெறுகிறது. அதே மீனை ஐஸ் இல்லாமல் வெயிலில் போட்டுவைத்தால், பாக்டீரியாக்கள் இதை ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளாக மாற்றிவிடும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தடித்து, தலைவலி வருவது இதனால்தான். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின், வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது. மூன்றாவது விதி, மீன்தூளை அளவுக்கு மீறிச் சூடாக்கும்போது வருவது. அப்போது ஹிஸ்டிடினிலிருந்து கிஸ்ஸரோசின் என்ற பொருள் உருவாகிறது. அது கோழியின் இரைப்பையில் அமிலத்தைப் பெருக்கி அரைவைப்பையைப் புண்ணாக்கிவிடும். கோழி கறுப்பாக வாந்தி எடுக்கும்.

ஒரே மீன், ஒரே புரதம். நம் கைப்பக்குவத்தைப் பொறுத்து அது சத்தாகிறது அல்லது நஞ்சாகிறது. அதனால் முதல் விதி இதுதான்: கழிவாக இருந்தாலும் அன்றைய கழிவாக இருக்க வேண்டும். நாறிய கழிவை எந்த முறையாலும் நல்ல தீவனமாக்க முடியாது.

வீட்டிலேயே செய்யும் முறை

பசுந்தீவனத்தை ஊறுகாய்ப்புல்லாக மாற்றுவது நமக்குப் பழக்கம். பசுந்தீவனத்தில் அமிலம் சேர்த்துக் கெடாமல் வைக்கும் முறைக்காகப் பின்லாந்து விஞ்ஞானி விர்தனன் 1945-ம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அதே தத்துவத்தை மீனுக்குப் பயன்படுத்தினால் அதுதான் மீன் சைலேஜ். மீன்தூள் ஆலைக்கு வேண்டிய கொதிகலனோ, உலர்த்தியோ இதற்குத் தேவையில்லை.

அமில முறை (100 கிலோ கழிவுக்கு)

- கழிவைக் கழுவி, இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் அரைக்கவும். துண்டு பெரிதாக இருந்தால் அமிலம் உள்ளே போகாமல் நடுவில் அழுகும்.
- பிளாஸ்டிக் டிரம் மட்டும் பயன்படுத்தவும். இரும்பு, செம்பு, அலுமினியம் கூடவே கூடாது.
- 85 சதவீதம் வலிமை கொண்ட ஃபார்மிக் அமிலம் 3 லிட்டரைச் சிறுகச் சிறுக ஊற்றி, மரத்துடுப்பால் கலக்கவும். கன்னியாகுமரி மாவட்ட ரப்பர் விவசாயிகள் ரப்பர் பாலை உறைய வைக்கப் பயன்படுத்தும் அதே அமிலம்தான்.
- பி.எச். தாள் வைத்துச் சோதிக்கவும். 4 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். மீன் முள்ளும் தலையெலும்பும் அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், மறுநாளும் மூன்றாம் நாளும் மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் இன்னும் கொஞ்சம் அமிலம் சேர்க்கவும்.
- நிழலில் மூடி வைத்துத் தினமும் ஒருமுறை கலக்கவும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் கஞ்சி போல் இளகிவிடும்.

ஃபார்மிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ரப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். நீர்க்க வைப்பதாக இருந்தால் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அமிலக் கேனைப் பூட்டி வையுங்கள். குடிநீர்ப் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

தயிர் முறை (100 கிலோ கழிவுக்கு)

அமிலத்தைக் கையாளத் தயங்குகிறவர்களுக்கு இது ஏற்றது. அரைத்த கழிவோடு 15 கிலோ வெல்லப்பாகு, 5 லிட்டர் புளித்த தயிர் சேர்த்துக் கலந்து, காற்றுப் புகாமல் மூடவும். வாயு வெளியேற வழி இருக்க வேண்டும். 3 நாட்களுக்குள் பி.எச். 4.5-க்குக் கீழே இறங்க வேண்டும். புளிப்பு வாசனை வந்தால் சரி. பி.எச். இறங்காமல் அழுகல் நாற்றம் வந்தால் தயங்காமல் குழியில் போட்டு மூடுங்கள். தீவனத்துக்கு ஆகாது.

நிறுத்துவதும் எண்ணெய் எடுப்பதும்

பலர் இளகியதோடு வேலை முடிந்தது என்று மாதக்கணக்கில் டிரம்மில் விட்டுவிடுகிறார்கள். நொதி அப்போதும் வெட்டிக்கொண்டேதான் இருக்கும். காறலைத் தடுக்கும் துண்டுகளும் தனித்தனி மணிகளாகிவிடும். மேலே மிதக்கும் எண்ணெயோ காற்றுப் பட்டுக் காறிக்கொண்டிருக்கும்.

ஒரே வேலையில் இரண்டையும் சரிசெய்யலாம். ஒரு வாரத்தில் இளகியதும், எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, திறந்த வெளியில், காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிற்காமல், 85 முதல் 90 டிகிரி வரை சூடாக்கி 15 நிமிடம் வைக்கவும். கொதித்துச் சுண்ட விடக் கூடாது. நொதி நின்றுவிடும். ஆறும்போது எண்ணெய் மேலே திரளும். அதை வழித்து எடுத்துவிடுங்கள். மத்தி, கானாங்கெளுத்திக் கழிவுக்கு இது கட்டாயம்.

உடைந்த புரதத்தில் காறலைத் தடுக்கும் திறன் இருக்கிறதே, எண்ணெயை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். அந்தத் திறன் ஒரு துணைதான். குடம் எண்ணெயை அது ஒன்றே காத்துவிடாது. எண்ணெயைக் குறைத்து, மிச்சத்தைக் காக்கும் வேலையை அதற்குக் கொடுப்பதே சரி.

கணக்கும் தீவன அளவும்

100 கிலோ கழிவில் ஏறக்குறைய 12 முதல் 15 கிலோ புரதம் இருக்கும்; பெரும்பகுதி தண்ணீர். 60 சதவீதப் புரதமுள்ள மீன்தூளோடு ஒப்பிட்டால், இது 20 முதல் 25 கிலோ மீன்தூளுக்குச் சமம். உங்கள் ஊரில் மீன்தூள் விலை என்ன, அமிலம் அல்லது வெல்லப்பாகு விலை என்ன, கழிவைக் கொண்டுவரும் வண்டிக்கூலி என்ன என்று எழுதிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மீன் சந்தை பக்கத்தில் இருந்தால் கட்டும். 40 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், ஐஸ் செலவும் சேர்ந்து கட்டாமல் போகலாம்.

சைலேஜை மக்காச்சோள மாவிலோ, எண்ணெய் நீக்கிய தவிட்டிலோ பிசைந்து நிழலில் உலர்த்தவும். ஆலையில் வாங்கும் பச்சைத் தவிடு வேண்டாம். அதில் உள்ள எண்ணெய் சில நாட்களிலேயே காறத் தொடங்கும். இரண்டு காறலும் சேர்ந்துவிடும். மொத்தத் தீவனத்தின் உலர் எடையில் மீன் சைலேஜின் பங்கு 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கறிக்கு விற்கும் கோழிக்கு, விற்பதற்கு 10 நாள் முன்பே நிறுத்திவிட்டால் கறியில் மீன் வாடை வராது. பண்ணைக்குட்டை மீன்களுக்கும் உருண்டையாகப் பிடித்துக் கொடுக்கலாம். மாடு, ஆடுகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

மேல்விவரம் வேண்டுவோர், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தையோ, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியையோ அணுகலாம். கொச்சியில் 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் மீன் பதப்படுத்துதலில் ஆய்வும் பயிற்சியும் நடத்தி வருகிறது.

வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, மீன் கழிவு கொடுத்துவந்த நாட்டுக்கோழிக் குஞ்சுகள் மூன்றாவது வாரத்தில் தலையைத் திருப்பிக்கொண்டு, கால் பின்னி விழுகின்றன. என்ன செய்வது?

பதில்: காறிய மீன் எண்ணெய், தீவனத்திலுள்ள வைட்டமின் ஈ-யை அழித்துவிடும். அந்தக் குறை குஞ்சுகளின் சிறுமூளையைத் தாக்குவதால் இப்படி விழும். உடனே அந்தத் தீவனத்தை நிறுத்துங்கள். ஆனால், வெள்ளைக்கழிச்சல் நோயிலும் கழுத்து இப்படித்தான் திருகும். கழிச்சல், மூச்சுத்திணறல், அடுத்தடுத்துச் சாவு இருந்தால் வெள்ளைக்கழிச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்களே முடிவு செய்யாமல், செத்த குஞ்சு ஒன்றையும் எடுத்துக்கொண்டு அன்றே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். தடுப்பூசி போட்ட தேதியையும் சொல்லுங்கள்.

கேள்வி: மீன் அமிலத்துக்கு வெல்லம் செலவு அதிகமாகிறது. பாதியாகக் குறைக்கலாமா?

பதில்: குறைக்க வேண்டாம். மீன் அமிலம் கெடாமல் இருப்பதே வெல்லத்தின் அடர்த்தியால்தான். கிலோவுக்குக் கிலோ என்பது அதற்காகத்தான். வெல்லம் குறைந்தால் தண்ணீர் விட்டு அழுகும், புழு வைக்கும். பழவாசனையும் புளிப்பும் வந்தால் நல்லது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெளிக்காதீர்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 மில்லி போதும். இது பயிருக்குத் தழைச்சத்தும் அமினோ அமிலமும் தரும். சில நாட்களில் அறுக்கப்போகும் கீரை மேலும், பச்சையாகத் தின்னும் காய்கள் மேலும் தெளிக்க வேண்டாம்.

கேள்வி: கடையில் விற்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மீன் புரதப் பவுடரை வயதான என் அம்மாவுக்கு வாங்கலாமா? நோய் வராமல் தடுக்கும் என்கிறார்கள்.

பதில்: ஆய்வகக் கண்ணாடிக்குழாயில் ஊதா நிறத்தை வெளுக்க வைப்பது வேறு, உடம்பில் நோயைத் தடுப்பது வேறு. நாம் சாப்பிடும் புரதத் துண்டுகளை நம் வயிறே மறுபடி வெட்டிவிடும். நோய் தடுக்கும், குணமாக்கும் என்று சொல்லி விற்றால் சந்தேகப்படுங்கள். அந்தப் பணத்துக்கு அன்றன்று கரைக்கு வரும் நெத்திலியோ, மத்தியோ வாங்கிக் குழம்பு வைத்துக் கொடுங்கள். புரதமும் நல்ல கொழுப்பும் அதிலேயே கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு இருப்பவராக இருந்தால், புரதப் பவுடர் எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

கேள்வி: சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து சைலேஜ் தயாரித்து விற்கலாமா?

பதில்: தாராளமாக முயலலாம். முதல் மூன்று மாதம் உங்கள் குழுவினரின் கோழிகளுக்கே கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு டிரம்மிலும் அரைத்த தேதி, மீன் வகை, சேர்த்த அமிலம், தினசரி பி.எச்., சூடாக்கிய தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு டிரம் நன்றாக வந்து மற்றொன்று கெட்டால், காரணத்தை அந்த நோட்டு சொல்லும். விற்பனைக்குப் போகும் முன் மாதிரியைத் தீவனப் பரிசோதனை ஆய்வகத்துக்கு அனுப்பிப் புரத அளவையும் கொழுப்பின் நிலையையும் தெரிந்துகொள்ளுங்கள். வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.